பழைய முகவரியில் ஒரு கடன்காரன்

கடன் விஷயத்தில் நான் ரொம்பச் சுத்தமான ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. நாலு பேரைக் கண்டால் வெளியே வந்துவிடும். ஊரிலிருந்து லண்டனுக்குப் புதிதாக வரும் பையன்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் வகுப்பும் முடிந்துவிடும். கிரெடிட் கார்டு ஒன்றே ஒன்று வாங்கு, மாதாமாதம் முழுசாகக் கட்டு. வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் இந்தியனுக்கும் இங்கே ஓட்டு உண்டு, அந்தப் பட்டியலை வைத்துத்தான் கடன் கொடுப்பவன் உன் முகவரியை நம்புவான். பையன்கள் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே தலையாட்டுவார்கள். போதாக்குறைக்கு என் பிழைப்பு கணக்கு எழுதுவது. மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

அப்பேர்ப்பட்ட என் பேரில், இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றத் தீர்ப்புகளின் பொதுப் பதிவேட்டில், கோர்ட் உத்தரவிட்ட கடனைக் கட்டாதவன் என்று ஒரு வரி ஏறியிருந்தது. ஏறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை மாதமும் வகுப்பு தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கடன் தரகர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தம்பி, குறை நினையாதேங்கோ, உங்கட பேரில ஒரு சிசிஜே கிடக்கு” என்றார். கவுண்டி கோர்ட் ஜட்ஜ்மென்ட்டை இங்கே எல்லோரும் அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள்.

“எனக்கா? கோர்ட் எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாதுண்ணே.”

“கோர்ட்டுக்கு உங்களைத் தெரியும் போல.”

வேறு யாரோ என் பேரில் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அப்பா பேரைக் குடும்பப் பேராக எழுதிக்கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழில் இனிஷியலோடு நிற்கும் இனம் நாம். குழப்பத்துக்குக் குறைவே இல்லை. பதிவேட்டையே பார்த்து அண்ணன் வாயை அடைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் பதிவேடு 1852 முதல் இருக்கிறது. 1985 முதல் ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் அரசின் சார்பில் அதைப் பராமரிக்கிறது. சில பவுண்டு கட்டினால் யாரும் யாருடைய பேரையும் தேடலாம். பேரும் முகவரியும் கேட்டது. பேரைப் போட்டேன், ஹாரோ வீட்டு முகவரியைப் போட்டேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. அதைப் படம் பிடித்து, ‘பார்த்தீர்களா அண்ணே’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தே அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. “பழைய அட்ரஸைப் போட்டுப் பாருங்கோ.”

ஈஸ்ட் ஹாமில் முன்பு குடியிருந்த பிளாட்டின் எண்ணைப் போட்டேன். அங்கே இருந்தான் அந்தக் கடன்காரன். தேதி, தொகை, வழக்கு எண், கோர்ட்டின் பேர் எல்லாம் இருந்தன. யாருக்குத் தர வேண்டிய கடன் என்பது மட்டும் இல்லை. இங்கிலாந்தின் பதிவேட்டில் அதைப் போடுவதில்லையாம். வழக்கு எண்ணைச் சொல்லிக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். போன் போடுவதற்குள் நானே ஒரு பட்டியல் தயாரித்துவிட்டேன்: பாதியில் விட்ட உடற்பயிற்சிக் கூடம், திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகம், ஈஸ்ட் ஹாமில் கடைசித் தவணையில் மனஸ்தாபமாகிப்போன சீட்டு. ஒன்றும் இல்லை. கார் நிறுத்தியதற்கான அபராதம். வழக்குப் போட்டிருந்தது ஒரு தனியார் வண்டி நிறுத்துமிட நிறுவனம்.

இந்த இடத்தில் என் சோம்பலின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவுக்கு வந்ததும் வங்கி, டாக்டர், பள்ளிக்கூடம், காப்பீடு என்று எல்லா இடத்திலும் முகவரியை மாற்றினேன். மாதாமாதம் கோயிலிலிருந்து வரும் விபூதிப் பொட்டலம்கூடப் புது வீட்டைத் தேடி வந்தது. ஓட்டுநர் உரிமத்தையும் மாற்றினேன். காரின் பதிவுப் புத்தகத்தை மாற்றவில்லை. லாக் புக் என்றும் வி5சி என்றும் சொல்லும் அந்தத் தாள் தனி, உரிமம் தனி. இரண்டும் ஒரே டிவிஎல்ஏ அலுவலகத்தின் கையில் இருந்தாலும் ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இணையத்தில் சில நிமிஷ வேலை, காசு கிடையாது. செய்யாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தேன். எந்த ஞாயிறு என்று நான் முடிவு செய்திருக்கவில்லை.

தனியார் நிறுத்துமிடத்தில் கேமரா வண்டி எண்ணைப் படிக்கும். நிறுவனம் டிவிஎல்ஏவுக்கு 2.50 பவுண்டு கட்டி அந்த எண்ணுக்குரியவரின் முகவரியை வாங்கும். என் விஷயத்திலும் வாங்கியது. கொடுத்த முகவரி ஈஸ்ட் ஹாம். முதல் கடிதம் அங்கே போனது: 100 பவுண்டு, பதினான்கு நாளுக்குள் கட்டினால் 60. அடுத்து நினைவூட்டல். அப்புறம் வசூல் செலவு என்று 70 சேர்ந்தது. வக்கீல் கடிதம். கடைசியில் நார்தாம்ப்டனிலிருந்து கோர்ட் கிளெய்ம். கோர்ட் கட்டணம் 35, வக்கீல் செலவு 50, அதற்கு மேல் எட்டு சதவீத வட்டி. பதில் போடப் பதினான்கு நாள். ‘எதிர்க்கப் போகிறேன்’ என்று ஒரு பெட்டியில் டிக் அடித்து அனுப்பியிருந்தால் இருபத்தெட்டு நாளாக நீண்டிருக்கும். டிக் அடிக்க வேண்டியவன் ஹாரோவில் மோர்க்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தான். பதில் இல்லாததால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு.

பழைய பிளாட்டுக்குப் போனேன். புதிதாகக் குடியிருந்த ருமேனியப் பெண்மணி மின்சார மீட்டர் பெட்டிக்குள்ளிருந்து கடிதக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரப்பர் பேண்டு போட்டு, தேதி வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். என் காகிதங்களை நான் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

‘இவ்வளவுதானே, கட்டித் தொலைத்துவிட்டால் போகிறது’ என்று கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். “காசு கட்டினா கடன் போகும் தம்பி, பதிவு போகாது” என்றார். பிறகுதான் உட்கார்ந்து விதியைப் படித்தேன். தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டிக் கட்டினால் ‘தீர்க்கப்பட்டது’ என்று ஒரு குறிப்பு சேரும், அவ்வளவுதான். வரி அங்கேயே நிற்கும். கட்டினாலும் கட்டாவிட்டாலும் தீர்ப்புத் தேதியிலிருந்து ஆறு வருஷம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களும் அதை எடுத்துத் தங்கள் அறிக்கையில் வைத்துக்கொள்ளும். நடுநிலைப் பள்ளியில் இருக்கும் என் பெண் கல்லூரிக்குப் போகும் வரை நான் கடன்காரன்.

முழுசாக அழிக்க ஒரே வழி, தீர்ப்பையே ரத்து செய்யச் சொல்லி அதே கோர்ட்டில் கேட்பது. அதற்கு என்244 என்று ஒரு படிவம். தீர்ப்பு விதிப்படி வரவில்லை என்றால் கோர்ட் ரத்து செய்தே ஆக வேண்டும். ஆனால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பியிருந்தாலே பொதுவாக அது முறையான அனுப்புதல்தான். நான் அங்கே குடியிருந்தேனா என்பது இரண்டாம் பட்சம். ஆகவே எனக்கு இருந்தது அடுத்த வாசல்: வழக்கை எதிர்த்து ஜெயிக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறது, அல்லது வேறு நல்ல காரணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதோடு, விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் வந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாகப் படித்தேன், கோடுகூடப் போட்டேன். பிறகு தாமதித்தேன்.

காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து கோர்ட் படி ஏறியவர் யாரும் இல்லை என்பது கல்யாணப் பேச்சில் சொல்லும் தகுதிகளில் ஒன்று. மனைவியிடம் தரகர் லீவில் போயிருக்கிறார் என்றேன். அவர் லீவு முடிந்தது என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை. தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போனால், பொருளாளர் என்னைப் பார்த்துச் சிரித்த விதம் சரியில்லை என்று தோன்றும். பதிவேடுதான் பொதுப் பதிவேடாயிற்றே, எல்லோரும் இரவில் காசு கட்டி என் பேரைத் தேடிப் பார்த்திருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. மனுஷனுக்கு அவனவன் வீட்டு மின்சாரக் கட்டணத்தைப் பார்க்கவே நேரம் இல்லை. இதில் காசைக் கொடுத்து என்னை யார் தேடப் போகிறார்கள்? அப்படி யோசிக்கும் அளவுக்கு எனக்கு அடக்கம் இல்லை.

பகலில் யாரிடமும் கேட்க முடியாதவன் ராத்திரியில் விளம்பரங்களிடம் கேட்பான். ‘உங்கள் சிசிஜேவை அழித்துத் தருகிறோம்’ என்றது ஒன்று. இனிமையான குரல், கணிசமான கட்டணம். என்ன செய்வீர்கள் என்று துருவியதில், நான் நிரப்ப வேண்டிய அதே படிவத்தை அவர்கள் நிரப்பித் தருவார்கள் என்று புரிந்தது. கோர்ட் கட்டணம் தனி. சரியாக ஏறிய பதிவை அழிக்கும் மந்திரம் யாரிடமும் கிடையாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் மறுநாள் அதே எண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். அந்தக் குரலாவது என்னிடம் மரியாதையாகப் பேசியது.

கடைசியில் மனைவியே தரகருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் லீவிலேயே போகவில்லை என்பது தெரிந்து, நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது கடிதக் கட்டு சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. பயங்கரமான எதையோ எதிர்பார்த்து நின்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தாள்.

“ஏங்க, இது பொங்கலுக்கு மொத நாள். நீங்க மஞ்சக்கொத்த மறந்துட்டு வந்த நாள்.”

அன்று காலையில், அபராதம் போட்ட அந்த நிறுத்துமிட வளாகத்திலிருந்த தமிழ்க் கடைக்கு ஒரு பட்டியலோடு போனேன். கரும்பு, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய் எல்லாம் வாங்கினேன். பட்டியலின் முதல் வரியில் இருந்த மஞ்சள் கொத்தை மறந்தேன். முதல் வரி ஆயிற்றே, மறக்காது என்று படிக்கவில்லை. சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் போனேன். கேமரா காலையில் வண்டி உள்ளே வந்ததைப் பார்த்திருக்கிறது, இருட்டிய பிறகு வெளியே போனதைப் பார்த்திருக்கிறது. நடுவில் வெளியே போய் உள்ளே வந்ததை விட்டுவிட்டது. நாள் முழுக்க வண்டியை அங்கேயே நிறுத்தியிருந்தேன் என்று கணக்கு. இரண்டு வருகை ஒன்றாகிவிடும் இந்தக் கோளாறு, எண் படிக்கும் கேமராக்களில் தெரிந்த ஒன்றுதான்.

“நடுவுல பெட்ரோல் போட்டீங்களே, கார்டுலதான?” என்றாள். வங்கிக் கணக்கில் இருந்தது, மத்தியானம், ஹாரோவில். கணக்கு எழுதுகிறவன் நான். கணக்கைப் பார்க்கத் தோன்றியது அவளுக்கு.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்துக்கு அவள்தான் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள். அங்கிருந்த தன்னார்வலர், ஓய்வு பெற்ற ஆசிரியை போலத் தெரிந்தார். முதலில் எதிர்த்தரப்புக்கு எழுதிச் சம்மதம் கேட்டீர்களா என்றார். அவர்கள் ஒத்துக்கொண்டால் கட்டணம் 119 பவுண்டு, இல்லாவிட்டால் 303. அவர்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது என்று சொல்லவும் வெட்கமாக இருந்ததால், நேரம் இல்லை என்றேன். இப்போதும் எழுதலாம் என்றார். எழுதினோம், பதில் வரவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த வாக்குமூலத்தைக் காட்டினேன். நீதி, மனித கண்ணியம், புலம்பெயர்ந்தவனின் வலி எல்லாம் அதில் இருந்தன. சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போனார். எப்போது வீடு மாறினீர்கள், எப்போது தெரிந்தது, அன்று என்ன நடந்தது, அதற்குக் காகிதம் என்ன? மிஞ்சியது ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தில் மஞ்சள் கொத்து இருந்தது, கண்ணியம் இல்லை.

விசாரணை என் வீட்டுப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டு, தேதி வரச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் நாங்கள் பார்த்து வைத்த வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். நான் கண்ணாடி முன்னால் பயிற்சியில் இருந்தேன். கோர்ட் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ் சினிமா. கூண்டு, சுத்தியல், ‘யுவர் ஆனர்’. போனால் பள்ளிக்கூட ஆசிரியர் அறை அளவுக்கு ஒரு அறை. நீள மேசை, தண்ணீர்க் குவளை. மேசையின் அந்தப் பக்கம் சாதாரணக் கோட்டு அணிந்த பெண்மணி. அவர்தான் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ். விக் கிடையாது. அவரை ‘ஜட்ஜ்’ என்று அழைத்தால் போதும், 2022 டிசம்பர் முதல் அதுதான் முறை என்று வாசலில் உதவியாளர் சொல்லியிருந்தார். பதற்றத்தில் ‘யுவர் ஆனர் மேடம் ஜட்ஜ்’ என்று மூன்றையும் சேர்த்து வைத்தேன். அவர் கவனிக்காதது போல் இருந்தார்.

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு இளம் வழக்கறிஞர் வந்திருந்தார். வழக்குக் கட்டை அன்று காலையில்தான் பார்த்திருப்பார் போல. ஆனாலும் சரியான இடத்தில் கை வைத்தார்: இவருக்குத் தெரிந்த தேதி இது, விண்ணப்பித்த தேதி இது, நடுவில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஜட்ஜ் என்னைப் பார்த்தார். வேலைப்பளு, உடல்நிலை என்று சில பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் அந்த வாக்குமூலத்தின் கீழே, இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது ஜட்ஜ், வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றேன்.

வெட்கம் நல்ல காரணம் ஆகாது என்றார். பெரும்பாலோர் அதனால்தான் தாமதமாக வருகிறார்கள் என்றும் சொன்னார். பிறகு வங்கிக் கணக்கை எடுத்து, பெட்ரோல் போட்ட நேரத்தைப் படித்து, அந்த மஞ்சள் செடி என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்டார். பொங்கல் பானையின் கழுத்தில் கட்ட வேண்டும் என்று விளக்கினேன். என் வாழ்க்கையில் ஒரு அரசாங்க அதிகாரிக்கு நான் தெளிவாகச் சொன்ன ஒரே பதில் அது.

தீர்ப்பு ரத்து. வழக்கை எதிர்க்க எனக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்றார். செலவு பற்றிக் கேட்டேன். தாமதம் உங்களுடையது, ஆகவே அந்த 303 பவுண்டு உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றார். நிறுவனம் பிறகு வழக்கைத் தொடரவில்லை. கோர்ட்டிலிருந்து பதிவேட்டுக்குத் தகவல் போனது. கொஞ்ச நாளில் ஈஸ்ட் ஹாம் முகவரியைப் போட்டுத் தேடினாலும் பதிவு இல்லை என்றே வந்தது. கடன் அறிக்கைகளிலும் வரி மறைந்தது. வீட்டில் வரவு செலவு எழுதிப் பார்த்தேன். 250 சொச்சம் பவுண்டுக் கடனை அழிக்க 303 பவுண்டு. என் கணக்காளர் வாழ்க்கையில் இதுபோல ஒன்றை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் வகுப்பெடுத்திருப்பேன்.

அண்ணன் சொன்னார்: “அண்டைக்கே ஃபோமை நிரப்பிக் குடுத்திருந்தா அந்தக் காசையும் கேட்டிருக்கலாம் தம்பி.” கிடைத்திருக்குமோ என்னவோ, கேட்கவாவது வாய் இருந்திருக்கும். வண்டி நிறுத்தியதற்கு நான் கடைசிவரை ஒரு பைசா கட்டவில்லை. கட்டியதெல்லாம் கௌரவத்துக்குத்தான்.

சென்ற மாதம் சங்கக் கூட்டத்தில், மனைவியின் வற்புறுத்தலில், இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். லாக் புக் வேறு, உரிமம் வேறு. கோர்ட் கடிதத்துக்குப் பதினான்கு நாள். ஒரு மாதம், ஆறு வருஷம். தேடும்போது பழைய முகவரிகளையும் போட்டுத் தேடுங்கள். தெரிந்த அன்றே இலவச ஆலோசனைக்குப் போங்கள். மஞ்சள் கொத்துக்குச் சிரித்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, சிரித்த விதம் சரியில்லை என்று எனக்குத் தோன்றிய அதே பொருளாளர் பக்கத்தில் வந்து நின்றார். வடையைப் பிய்த்துக்கொண்டே, நண்பர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்றார்.

நண்பரின் பழைய முகவரி என்ன என்று கேட்டேன். கதவு எண்ணிலிருந்து போஸ்ட் கோடு வரை, யோசிக்காமல் சொன்னார்.